குன்னூரில் என்னோடு வேலை பார்ப்பவர்கள் பெரும்பாலும் விசுவாசிகள். பைபிளில் உள்ள பிழைகளையும் முரண்பாடுகளையும் காட்டி அவர்களோடு எப்படி வாதிடுவது?

உங்கள் நிலைமை கேள்வியிலேயே தெரிகிறது. டீ நேரத்தில் நாலு பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒருவர் "வேதத்தில் ஒரு எழுத்துகூடத் தப்பு கிடையாது பிரதர்" என்கிறார். உங்கள் போனில் வாட்ஸ்அப்பில் வந்த முரண்பாட்டுப் பட்டியல் ஒன்று இருக்கிறது. எடுத்து நீட்டக் கை துறுதுறுக்கிறது.

நீட்டாதீர்கள். அந்தப் பட்டியல்களில் பாதி தேறாது. வேதம் தினமும் படிக்கிறவர் அதில் மோசமானதைத்தான் முதலில் பிடிப்பார், அதை உடைப்பார். அதோடு நல்லதும் சேர்ந்து போய்விடும். பிழை சுட்டப் போகிறவர் கையில் பிழை இருக்கக் கூடாது.

முதலில் எதிரில் இருப்பவர் எந்தச் சபை என்று தெரிந்துகொள்ளுங்கள். நம் மலை ஊர்களில் ஒரே தெருவில் சி.எஸ்.ஐ., கத்தோலிக்கம், பெந்தெகொஸ்தே, பிரதரன், ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் எல்லாம் இருக்கும். எல்லோரும் ஒரே விஷயத்தை நம்புவதில்லை. ஊட்டி காந்தல் குருசடிக்குப் போகிற கத்தோலிக்கரிடம் அரசர்களின் வயதுக் கணக்கில் பிழை என்று சொன்னால் அவர் பெரிதாக அசைய மாட்டார். அவருடைய திருச்சபை 1965-லேயே இரண்டாம் வத்திக்கான் சங்க ஏட்டில், மீட்புக்காகக் கடவுள் எழுதிவைக்க விரும்பிய உண்மையை வேதம் பிழையின்றிக் கற்பிக்கிறது என்றுதான் சொல்லியிருக்கிறது. ராஜாவின் வயது மீட்புக்குத் தேவையில்லை என்று அவர் சொன்னால் அது நியாயமான பதில். மறுபக்கம், எழுத்துக்கு எழுத்து பிழையில்லை என்கிற சுவிசேஷ சபைகள் பல, 1978-ல் சிகாகோவில் வெளியிட்ட அறிக்கையின் நிலைப்பாட்டில் நிற்கின்றன. அந்த அறிக்கையே, பிழையின்மை மூலக் கையெழுத்துப் பிரதிக்குத்தான், பின்னால் வந்த நகல்களுக்கு அல்ல என்று கவனமாக எழுதியிருக்கிறது. சபையில் ஆமென் சொல்கிற பலருக்கு இது தெரியாது. எனவே முதல் கேள்வி இதுதான்: "அண்ணே, தப்பே இல்லைன்னு சொல்றது உங்க கையில இருக்கிற இந்தப் புத்தகத்தையா, மூலப் பிரதியையா?" பதிலை வாங்கிக்கொள்ளாமல் அடுத்த வார்த்தை பேசாதீர்கள். வாதத்தில் பாதி இங்கேயே முடிந்துவிடும்.

இரண்டாவது, அவருடைய பைபிளிலேயே காட்டுங்கள். புராட்டஸ்டன்ட் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் பவர் ஐயர் குழு திருத்தி 1871-ல் வெளிவந்த பழைய மொழிபெயர்ப்பு. கத்தோலிக்கர் கையில் 1995-ன் திருவிவிலியம். நூல்களின் பெயரே மாறும்: நாளாகமம் அங்கே குறிப்பேடு, இராஜாக்கள் அரசர்கள், அப்போஸ்தலர் நடபடிகள் திருத்தூதர் பணிகள். பெயர் மாற்றிச் சொன்னால் "இவருக்குப் புத்தகமே தெரியாது" என்று எழுந்து போய்விடுவார்கள். மொழிபெயர்ப்பு சில இடங்களில் முரண்பாட்டைப் பூசி மெழுகியும் இருக்கும். 2 சாமுவேல் 21:19-ன் எபிரேயத்தில் எல்க்கானான் கொன்றது கோலியாத்தை. ஆனால் கோலியாத்தைக் கொன்றது தாவீது என்று 1 சாமுவேல் 17 சொல்கிறது. ஆங்கிலத்தில் கிங் ஜேம்ஸ் பதிப்பு 'சகோதரனை' என்று சேர்த்து, சேர்த்ததைச் சாய்வெழுத்தில் காட்டியது. நம் பழைய தமிழிலும் 'கோலியாத்தின் சகோதரனை' என்றே இருக்கிறது. இதை எபிரேயம் தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லாமல் எடுக்க வேண்டாம்.

எடுக்க வேண்டியது எது? என் அபிப்பிராயத்தில் மிகச் சுத்தமானது யூதாவின் ராஜா அகசியாவின் வயது. வெளிப்புத்தகம் வேண்டாம், கிரேக்கம் வேண்டாம், கூட்டல் தெரிந்தால் போதும். 2 நாளாகமம் 21:5: அகசியாவின் தகப்பன் யோராம் ராஜாவானபோது வயது 32, எட்டு வருஷம் அரசாண்டான். 21:20 அதையே திரும்பச் சொல்லி அவன் இறந்ததையும் சொல்கிறது. 32-ம் 8-ம் 40. அடுத்த வசனம் 22:1: அவனுடைய இளைய குமாரன் அகசியாவை ராஜாவாக்கினார்கள். 22:2: அப்போது அகசியாவுக்கு வயது 42. நாற்பதில் செத்த தகப்பனுக்கு நாற்பத்திரண்டு வயதில் கடைசி மகன். 2 இராஜாக்கள் 8:26 அதே ஆளுக்கு 22 வயது என்கிறது, அது பொருந்துகிறது. சத்தமாக நீங்கள் படிக்காதீர்கள், அவரையே விரலை வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். முரண்பாடு மூன்று வசனத்துக்குள் இருப்பதால், முன்னே பின்னே சேர்த்துப் படிக்கவில்லை என்ற குற்றச்சாட்டுக்கு இடமே இல்லை.

வரப்போகிற பதிலும் தெரிந்திருக்க வேண்டும். "நகல் எடுத்தவர் பிழை" என்பார்கள். எபிரேயத்தில் 20-ஐக் குறிக்கும் காஃப், 40-ஐக் குறிக்கும் மேம் என்ற இரண்டு எழுத்தும் குழம்பிவிட்டன என்று கொஞ்சம் படித்தவர் சொல்வார். நமக்குக் கிடைத்திருக்கும் எபிரேயப் பாடத்தில் எண் எழுத்தாக இல்லை, சொல்லாகவே எழுதியிருக்கிறது. இருந்தாலும் நகல் பிழை என்பது நேர்மையான பதில்தான். சீரியாக் மொழிபெயர்ப்பில் 22 என்றே இருக்கிறது. ஒப்புக்கொள்ளுங்கள். ஒப்புக்கொண்டு, "அப்படின்னா இந்தக் கையில இருக்கிற புத்தகத்துல ஒரு பிழை இருக்கு, சரிதானே?" என்று மட்டும் கேளுங்கள். அதற்கு மேல் ஒரு அடி வைக்க வேண்டாம். நீங்கள் நிரூபித்தது அவ்வளவுதான். கடவுள் இல்லை என்றோ, இயேசு வாழவில்லை என்றோ இதிலிருந்து வராது. அப்படித் தாவுகிறவர்கள்தான் இந்த வாதத்தைக் கெடுக்கிறார்கள்.

இதே வகையில் எண்ணிக்கை முரண்கள் இன்னும் உண்டு. சாலொமோனின் குதிரை லாயம் 1 இராஜாக்கள் 4:26-ல் 40,000, 2 நாளாகமம் 9:25-ல் 4,000. வெண்கலக் கடல் தொட்டி 1 இராஜாக்கள் 7:26-ல் 2,000 குடம், 2 நாளாகமம் 4:5-ல் 3,000. யோயாக்கீன் ராஜாவானபோது 2 இராஜாக்கள் 24:8-ல் 18 வயது, 2 நாளாகமம் 36:9-ல் எட்டு. எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வரும் என்பதால் அகசியா ஒன்றே போதும்.

நகல் பிழை என்று சொல்லித் தப்ப முடியாதது யூதாசின் நிலம். மத்தேயு 27:5-ல் யூதாஸ் வெள்ளிக்காசை தேவாலயத்தில் எறிந்துவிட்டு நான்றுகொண்டு சாகிறான். அப்போஸ்தலர் 1:18-ல் தலைகீழாக விழுந்து வயிறு வெடித்துச் சாகிறான். எல்லோரும் இந்தச் சாவைத்தான் பிடித்துக்கொள்வார்கள். அது பலவீனமான முனை. "கயிறு அறுந்து விழுந்தார்" என்ற பதில் தயாராக இருக்கிறது, முடியாத விஷயமும் அல்ல. நீங்கள் நிலத்தைப் பிடியுங்கள். வாங்கியது யார்? மத்தேயு 27:7-ல் பிரதான ஆசாரியர், யூதாஸ் எறிந்துவிட்டுப் போன காசில். அப்போஸ்தலர் 1:18-ல் யூதாசே, தன் கூலியில். இரத்தநிலம் என்று பெயர் வந்தது ஏன்? மத்தேயுவில் அது இரத்தக்கிரயம், அதாவது உயிருக்குக் கொடுத்த விலை என்பதால். அப்போஸ்தலரில் யூதாஸ் விழுந்து செத்த கோரம் ஊர் முழுக்கத் தெரிந்ததால். "அவன் பேரில் ஆசாரியர் வாங்கினார்கள்" என்று ஒரு பதில் உண்டு. அந்த வாக்கியம் எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது என்று மென்மையாகக் கேளுங்கள். இரண்டையும் இணைக்க மூன்றாவதாக ஒரு கதையை நாமே எழுத வேண்டியிருக்கிறது என்பதுதான் இங்கே விஷயம். உயிர்த்தெழுந்த காலையில் கல்லறைக்குப் போன பெண்கள் எத்தனை பேர், அங்கே இருந்த தூதர் ஒருவரா இருவரா என்பதை விடவும் இது இறுக்கமானது. அங்கே "ஒருவரைச் சொன்னால் இன்னொருவர் இல்லை என்றாகாது" என்ற பதில் செல்லும். இங்கே செல்லாது.

வரலாற்றில் பலமானது லூக்கா 2:2. சிரேனியு சீரியாவின் தேசாதிபதியாக இருந்தபோது நடந்த குடிமதிப்பு என்கிறது. முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதியதன்படி அந்தக் குடிமதிப்பு கி.பி. 6-ல். மத்தேயு 2-ல் இயேசு பிறந்தது ஏரோது ராஜா உயிரோடு இருந்தபோது. ஏரோது இறந்தது கி.மு. 4 என்பதே பெரும்பாலான ஆய்வாளர் கணக்கு. நடுவில் சுமார் பத்து வருஷம். ஆனால் இதற்கு வெளிநூல் வேண்டும். "சிரேனியு முன்னாலும் ஒரு தடவை பதவியில் இருந்தார்" என்று சொல்வார்கள், அதற்குச் சான்று இல்லை என்று காட்ட உங்களுக்கு ஒரு மணி நேரம் ஆகும். பத்து நிமிஷ டீ நேரத்துக்கு இது ஒத்துவராது.

தொடவே கூடாதவை சில. 1 இராஜாக்கள் 7:23-ல் வெண்கலக் கடலின் குறுக்களவு 10 முழம், சுற்றளவு 30 முழம், ஆகவே பைபிளுக்குப் பை (π) மதிப்பு தெரியாது என்பது. 31.4 என்றுதான் வர வேண்டும், சரி. ஆனால் மூன்று வசனம் தள்ளி விளிம்பின் கனம் நாலு விரற்கடை என்று இருக்கிறது. முழத்தில் ஆறில் ஒரு பங்கு. இரண்டு பக்கமும் கழித்தால் உள்விட்டம் 9.67, சுற்றளவு 30.4. முழு எண்ணில் எழுதினால் 30. அவர் காகிதத்தில் போட்டுக் காட்டிவிட்டால் நீங்கள் முடிந்தீர்கள். லேவியராகமம் 11:6-ல் முயல் அசைபோடும் என்பது உண்மையிலேயே தவறு. தேயிலைக்காட்டு ஓரம் அந்தியில் மேயும் நம் காட்டு முயலுக்கு மாட்டைப் போல நாலு அறை வயிறு கிடையாது. ஆனால் முயல் தன் மெல்லிய புழுக்கையைத் திரும்பத் தின்னும். அதுதான் அசைபோடுதல் என்று வாதிடுவார்கள், அரை மணி நேரம் புழுக்கையில் போய்விடும். கடுகுதான் சகல விதைகளிலும் சிறியது என்ற மத்தேயு 13:32-ம் அப்படியே. சோலைக்காட்டு ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும், கடுகு அதற்கு முன்னால் பாறாங்கல். ஆனாலும் அது உவமை, பழமொழி. உவமையில் தாவரவியல் தேடுகிறவருக்கு மரியாதை மிஞ்சாது.

ஒற்றை வசனத்தைப் பிய்த்தெடுப்பது என்றதும் இன்னொன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. மலைப்பாதைப் பாறைகளில் வசனத்தைப் பெயிண்டில் எழுதுகிறார்களே, அதை யாராவது நிறுத்தக் கூடாதா? ஒரு மதத்தை மட்டும் சொல்லவில்லை. கட்சிக்காரர், டுடோரியல்காரர், எல்லாச் சாமிக்காரரும் செய்கிறார்கள். அந்தப் பாறை மேல் படர்ந்திருக்கும் கற்பாசியில் (லைக்கன்) வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராத இனங்கள் உண்டு. ஒரு டப்பா எனாமல் பெயிண்ட், முடிந்தது. சுரண்டி எடுத்தாலும் திரும்ப வர ஒரு தலைமுறை ஆகும். வசனத்தைப் புத்தகத்தில் வையுங்கள், பாறையை விட்டுவிடுங்கள்.

இதைப் படித்துவிட்டு என்னைக் கிறிஸ்தவ விரோதி என்பவர்களுக்கு: இதே அளவுகோலை எந்த மதத்துப் புத்தகத்துக்கும் வைக்கலாம், வைக்கவும் வேண்டும். கேட்டவர் பைபிளைப் பற்றிக் கேட்டதால் பைபிளைப் பற்றி எழுதுகிறேன். "கர்த்தருக்குள்ளான ஆவியில்லாமல் வேதம் விளங்காது" என்பவர்களுக்கு: 32-ஐயும் 8-ஐயும் கூட்ட ஆவி வேண்டியதில்லை.

நடைமுறையில் சில. ஜெபக்கூட்டத்துக்குள் போய்ப் பேசாதீர்கள், சபை வாசலில் துண்டுச்சீட்டு கொடுக்காதீர்கள். மனதைப் புண்படுத்தும் நோக்கம் என்று புகார் போனால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 299, 302 பிரிவுகள் இருக்கின்றன. டிசம்பரில் கேரல்ஸ் ரவுண்ட்ஸ் நடக்கும் நாட்களிலும், லெந்து நாட்களிலும், வீட்டில் சாவு விழுந்த சமயத்திலும் வேண்டவே வேண்டாம். இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது பேசுங்கள். நாலு பேர் முன்னால் யாரும் "ஆமாம், பிழைதான்" என்று சொல்ல மாட்டார்கள். பாஸ்டரின் காரையோ காணிக்கையையோ இழுக்காதீர்கள். அது வேறு பேச்சு, அதைத் தொட்டதும் அகசியா மறந்துபோவார்.

அவருடைய பைபிளை வாங்கினால் கை துடைத்துவிட்டு வாங்குங்கள். டீ கிளாஸை அதன் பக்கத்தில் வைக்காதீர்கள், தரையில் வைக்கவே வைக்காதீர்கள். அந்தத் தாள் மிக மெல்லியது. அக்டோபர், நவம்பர் மழையில் நம் ஊர் ஈரத்துக்கு ஒன்றோடொன்று ஒட்டும், அவசரமாகப் புரட்டினால் கிழியும். கிழிந்தால் அன்றைக்குப் பேச்சு அதைப் பற்றித்தான். பேனாவால் கோடு போட்டால் மை மறுபக்கம் ஊறும். உங்களுக்கென்று தனிப் பிரதி வாங்கி அதில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

"பாஸ்டர் ஐயாகிட்ட கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்று அவர் சொன்னால் அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். பாதிப் பேர் கேட்டுவிட்டு வருவார்கள், பாதிப் பேர் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்கள். இரண்டாவது வகையினரைத் துரத்தாதீர்கள். கேட்கிறேன் என்றவருக்கு ஒரு சிறு சீட்டு எழுதிக் கொடுங்கள். அதில் உங்கள் கருத்து எதுவும் வேண்டாம், கேள்விக்குறிகூட வேண்டாம். 2 நாளாகமம் என்று எழுதி, கீழே 21:5, 21:20, 22:1, 22:2.