உடைந்த ஸ்டட்டுக்கு யார் பொறுப்பு?

கேள்வி: எனது பழைய காரில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் (என்ஜின் புகையை வெளியேற்றும் குழாய்த் தொகுப்பின்) கேஸ்கட்டை மாற்றித் தருமாறு ஒரு பணிமனையில் விட்டேன். கழற்றும்போது, அதை என்ஜினோடு பிணைக்கும் தலையில்லாத போல்ட்டுகளான ஸ்டட்டுகளில் இரண்டு முறிந்துவிட்டன. என்னிடம் கேட்காமலேயே அவற்றைத் துளையிட்டு எடுக்க முயன்றதில், ஒன்றில் துளை கோணலாகி, என்ஜினின் மேற்பகுதியான சிலிண்டர் ஹெட்டின் மரை கெட்டுப்போனது. இன்னொன்றில், முறிந்த துண்டைத் திருகி எடுக்கும் கருவியான ஈஸி அவுட் உள்ளேயே ஒடிந்து நிற்கிறது. ‘பழைய வண்டி என்றால் இப்படித்தான்’ என்று சொல்லும் பணிமனை உரிமையாளர், இந்த வேலைக்கும் சேர்த்துக் கூலி கொடுத்தால்தான் காரைத் தருவேன் என்கிறார். புதிய சிலிண்டர் ஹெட் கேட்டு வழக்குத் தொடரலாமா?

பதில்: தங்கள் புகாரில் இரண்டு நிகழ்வுகள் கலந்திருக்கின்றன. ஸ்டட் முறிந்தது ஒன்று. முறிந்த பிறகு செய்யப்பட்டது மற்றொன்று. முதலாவதை வைத்துத் தாங்கள் வெல்வது கடினம். ஆண்டுக்கணக்கில் சூடேறிக் குளிர்ந்து, துருப்பிடித்து, மரையோடு இறுகிப்போன ஸ்டட், துரு நீக்கும் எண்ணெய் ஊற்றிப் பொறுமையாகத் திருப்பினாலும் முறியக்கூடும் என்பதை எந்த மெக்கானிக்கும் நுகர்வோர் ஆணையத்தின் முன் எளிதாக எடுத்துச்சொல்லிவிடுவார்.

இரண்டாவது நிகழ்வில்தான் தங்கள் வழக்கு நிற்கிறது. பழுது பார்க்கக் காரை ஒப்படைப்பது, இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872 கூறும் ஒப்படைவு (bailment) ஆகும். சாதாரண விவேகமுள்ள ஒருவர் அதே தன்மையும் மதிப்பும் கொண்ட தமது சொந்தப் பொருளுக்குக் காட்டும் கவனத்தை, பணிமனையாளர் தங்கள் காருக்கும் காட்டியிருக்க வேண்டும் என்கிறது அதன் 151ஆம் பிரிவு. அந்தக் கவனம் காட்டப்பட்டது என மெய்ப்பிக்கும் சுமையும் பொதுவாக அவர் மீதே விழும். முறிந்த முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன்மேல் ஒரு நட்டை வெல்டிங் செய்து, அந்தச் சூட்டிலேயே திருப்பி எடுப்பது தொழிலில் பலரும் கையாளும் வழி. உள்ளுக்குள் முறிந்திருந்தால் நடுமையம் பார்த்துக் குறியிட்டு நேராகத் துளையிட வேண்டும்; அதற்கு இடம் போதாவிட்டால் ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். ஈஸி அவுட் மிகக் கடினமான எஃகால் ஆனது என்பதால், அது உள்ளே ஒடிந்தால் சாதாரண டிரில் பிட் அதன்மேல் ஏறாது. இந்த ஆபத்தை அறிந்த ஒருவர், மேற்கொண்டு கை வைக்கும் முன் காரின் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா என்பதே தாங்கள் எழுப்ப வேண்டிய கேள்வி. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இதைச் சேவைக் குறைபாடு என்ற வரையறைக்குள் கொண்டுவர இடமளிக்கிறது.

ஆனால் புதிய ஹெட் என்ற கோரிக்கையை நான் பரிந்துரைக்க மாட்டேன். கெட்ட மரையைப் பெரிதாக்கி, அதனுள் புதிய மரையாக அமையும் கம்பிச் சுருளை (சுருள் மரை) பொருத்திச் சரிசெய்ய முடியுமானால், அந்தச் செலவே தங்கள் இழப்பு. ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவின் விளக்கம், இழப்பைக் குறைக்கத் தங்களுக்கு இருந்த வழிகளையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. துளை தண்ணீர்ப் பாதை வரை போய், ஹெட் இனிப் பயன்படாது என்று தகுதியான பொறியாளர் எழுத்தில் தந்தால் மட்டுமே மாற்று ஹெட்டின் விலையைக் கேட்கலாம். அப்போதும், பழையதற்குப் பதிலாகப் புதியதன் முழு விலையைக் கேட்பது நியாயமா என்ற எதிர்வாதம் வரும்.

காரைப் பிடித்து வைக்கும் உரிமை பணிமனைக்கு அறவே இல்லை என்று எண்ண வேண்டாம். அதே சட்டத்தின் 170ஆம் பிரிவின்படி, ஒப்படைத்த நோக்கத்துக்கேற்பச் செய்து முடித்த வேலையின் கூலி வரும்வரை அவர் பொருளை வைத்திருக்கலாம். கேட்காமல் செய்து கெடுத்த வேலைக்கு அந்த உரிமை நீளாது என்று வாதிடத் தங்களுக்கு வலுவான இடம் உண்டு. எனினும் கார் அவசரமாகத் தேவைப்பட்டால், ‘ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன்’ என்று எழுத்தில் தெரிவித்துத் தொகையைக் கட்டி, ரசீது பெற்று வண்டியை எடுங்கள். பணம் கட்டியதாலேயே உரிமை போய்விடாது. மாற்றுச் சாவியோடு போய் ஓட்டிவருவது போன்ற யோசனைகள் குற்றவியல் புகாரில் முடியும்.

அதற்கு முன் சாட்சியத்தைக் காத்துக்கொள்ளுங்கள். இதில் தவறினால் வழக்கு தோற்கக்கூடும். ஹெட்டை வேறு யாரும் தொடுவதற்குள் துளைகளைத் தெளிவாகப் படமெடுத்து, முறிந்த துண்டுகளையும் ஜாப் கார்டையும் (பணிமனையின் வேலைப் பதிவுச் சீட்டையும்) கேட்டு வாங்கி, பணிமனையாளருக்கு முன்னறிவிப்புக் கொடுத்த பின் வேறொரு பொறியாளரைக் கொண்டு ஆய்வுக் குறிப்பு எழுதி வாங்குங்கள். சரிசெய்துவிட்ட பிறகு, கோணலான துளை எங்கே என்று கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது.

பிறகு ஒப்புகையுடன் கூடிய விரைவு அஞ்சலில் அறிவிப்பு அனுப்பி, 15 நாள் அவகாசம் கொடுங்கள். பயனில்லையெனில், தாங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே புகார் தரலாம். கூலி இன்னும் கொடுக்கவில்லை என்பது தடையல்ல. தருவதாக ஒப்புக்கொண்டவரும் நுகர்வோரே. சேவைக்கான தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் அதைத் தாக்கல் செய்தாக வேண்டும்.