சாளுவன்குப்பத்தில் புலிக்குகை தவிர பார்க்க என்ன இருக்கிறது? எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்?

இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். பெரும்பாலானவர்கள் புலிக்குகை முன்னால் படம் எடுத்துக்கொண்டு கால் மணி நேரத்தில் வண்டியேறிவிடுகிறார்கள். இந்த ஊரின் அருமையே அதற்கு வடக்கே நடந்தால்தான் தெரியும்.

சாளுவன்குப்பம் கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரத்துக்கு வடக்கே சுமார் 5 கிலோமீட்டரில் இருக்கிறது. பேருந்தில் வருபவர்கள் ஏறும்போதே புலிக்குகையில் நிற்குமா என்று நடத்துநரிடம் கேட்டுவிடுங்கள். நிற்காத வண்டியில் ஏறினால் மாமல்லபுரம் போய் ஆட்டோவில் திரும்ப வேண்டும்.

காலையில் வருவது நல்லது. முதலில் அதிரணசண்ட மண்டபத்துக்குப் போங்கள். பாறையைக் குடைந்து செய்த, கிழக்கு நோக்கிய கோயில் என்பதால் காலை வெயில் நேராக உள்ளே விழும். கருவறைப் பின்சுவரில் உள்ள சோமாஸ்கந்தர் (உமையும் குழந்தைக் கந்தனும் உடனிருக்கும் சிவன்) புடைப்புச் சிற்பம் அப்போதுதான் தெளிவாகத் தெரியும். 'அதிரணசண்டன்' என்பது இராஜசிம்மன் என்னும் பல்லவ மன்னன் இரண்டாம் நரசிம்மவர்மனின் பட்டப்பெயர். மண்டபத்தின் ஒரு பக்கச் சுவரில் பல்லவ கிரந்தத்திலும் எதிர்ச்சுவரில் நாகரியிலும் சமஸ்கிருதக் கல்வெட்டுகள் உள்ளன. ஒரே செய்யுட்கள் இரண்டு எழுத்துகளில்! காலகாலனின் (இதுவும் அந்த மன்னனின் பட்டப்பெயர்தான்) இசையை பிரமன், பரதர், ஹரி, நாரதர், கந்தன் ஆகியோர் அல்லாமல் வேறு யாரால் அறிய முடியும் என்று கேட்கும் வரியும் இங்கே உண்டு.

எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை என்று பலர் திரும்பிவிடுவார்கள். டார்ச்சை நேராக அடிப்பதுதான் தவறு. வெளிச்சம் பள்ளத்தை நிரப்பி எழுத்தை மறைத்துவிடும். சுவரை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் வெட்டுகளில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். சுண்ணாம்புக்கட்டி தேய்ப்பது, விரலால் வருடுவது இரண்டும் வேண்டாம். வெளியே வந்ததும் எதிரே உள்ள சிறு பாறையைப் பாருங்கள். அதில் மகிஷாசுரமர்த்தினி இருக்கிறாள். சிற்பம் சிறியது, கவனிக்காமல் கடந்துவிடுவது சுலபம்.

இன்னும் வடக்கே கடலோரமாகப் போனால் அகழ்ந்தெடுக்கப்பட்ட முருகன் கோயில். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை மணலை அரித்ததில் கல்வெட்டுள்ள பாறை வெளிப்பட்டது. அது சொன்ன கோயிலைத் தேடித் தொல்லியல் துறை 2005இல் தோண்டியது. மேலே பல்லவர் காலக் கட்டுமானம், அதற்கு அடியில் செங்கல் கோயில். அந்தச் செங்கற்களின் அளவை வைத்து அதைச் சங்க காலத்தது என்று அகழாய்வாளர்கள் கணித்தார்கள். அவசரப்படாமல் பாருங்கள்: செங்கல் எங்கே முடிகிறது, கருங்கல் எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் பிரித்தால்தான் இடம் புரியும். இல்லாவிட்டால் வெறும் இடிபாடாகத் தோன்றும். கோயில் வடக்கு நோக்கியிருப்பதும் கல்லில் செய்த வேலும் முக்கியம். இங்குள்ள கல்வெட்டுகளில் பல்லவர், இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன், சோழர் என்று பலரும் வருகிறார்கள். ஊரின் பழைய பெயர் திருவீழ்ச்சில் என்பதும் அவற்றிலிருந்துதான் தெரிய வந்தது. விஜயநகர மன்னன் சாளுவ நரசிம்மன் பெயரால் வந்தது இன்றைய பெயர்.

திரும்பும்போது புலிக்குகை. பாறையில் புலித் தலைகள் போலச் செதுக்கியிருப்பவை உண்மையில் யாளித் தலைகள், சிங்கம் போன்ற கற்பனை விலங்கு. நடுவிலுள்ள சிறு அறையைச் சுற்றி 11 இருக்கின்றன, எண்ணிப் பாருங்கள். பக்கத்திலேயே அம்பாரி சுமந்த இரண்டு யானைகளின் முகங்களும் உண்டு. பாறை வழவழப்பானது, பிள்ளைகளை ஏறவிடாதீர்கள்.

கடலில் இறங்க வேண்டாம், இந்தக் கரையோரத்தில் இழுப்பு அதிகம். ஏப்ரல், மே மாதங்களில் பத்து மணிக்குமேல் மணல் சுடும். செருப்பு, தொப்பி, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கட்டாயம். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை வருவது உத்தமம்.