கேள்வி பதில்: பயனீட்டாளர் ஆணையத்தின் தொடக்கக் காலம்

பயனீட்டாளர் புகார்களில் சமரசப் பணி செய்த தொண்டூழியன் என்ற முறையில், தவறான வணிக நடைமுறைகளைத் தடுக்கும் சிங்கப்பூர் அரசாங்க அமைப்பான பயனீட்டாளர் ஆணையம் பற்றிய வாசகர்களின் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவற்றைக் கூறுகிறேன்.

உட்லண்ட்ஸ் வாசகி: ‘கேஸ்’ எனப்படும் பயனீட்டாளர் சங்கம் இருக்கையில் அரசாங்க ஆணையம் எதற்கு?

1971ல் தொடங்கிய அச்சங்கம் அரசாங்கத் துறை அன்று. அது புகாரைக் கேட்கும், கடைக்காரருடன் பேசும், சமரசத்திற்கு அழைக்கும். பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வணிக) சட்டம் 2004 மார்ச் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தபின், ஏமாற்றும் வணிகருக்கு எதிராகத் தடையுத்தரவு கோரி நீதிமன்றம் செல்லும் வழி சங்கத்துக்கும் பயணத்துறைக் கழகத்துக்கும் திறந்தது. ஆனால் கடைக்குள் நுழைந்து ஆவணங்களைக் கேட்டுப் பெறும் அதிகாரம் இல்லாததால், ஆதாரம் திரட்டி முடிப்பதற்குள் நிறுவனத்தை மூடிவிட்டு வேறு பெயரில் அடுத்த கடையைத் திறந்தவர்கள் இருந்தார்கள். 2014ல் மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேர் கடைத்தொகுதியில் கைப்பேசி வாங்க வந்த வியட்னாமியச் சுற்றுப்பயணி ஒருவர், பணத்தைத் திருப்பித் தருமாறு மண்டியிட்டு அழுத காணொளியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். நம் ஊருக்கு நேர்ந்த தலைகுனிவாகவே அதை இன்றும் கருதுகிறேன். பின்னர்ச் சட்டம் திருத்தப்பட்டு, 2016 டிசம்பர் 9ஆம் தேதி முதல் ‘ஸ்பிரிங் சிங்கப்பூர்’ என்ற அரசாங்க அமைப்புக்கு விசாரணை அதிகாரம் கிடைத்தது.

ஈசூன் வாசகர்: அப்பொறுப்பு இப்போது யாரிடம் உள்ளது?

2005ல் அமைந்த போட்டித்தன்மை ஆணையம் 2018 ஏப்ரல் 1 முதல் அதை ஏற்று, போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம் என்று பெயர் மாறியது.

தெம்பனிஸ் வாசகி: ஆணையம் முதலில் யார்மீது நடவடிக்கை எடுத்தது?

தொடக்க ஆண்டுகளில் அது நீதிமன்றம்வரை கொண்டுசென்ற வழக்குகளில் கார் விற்பனை நிறுவனங்களும், பொருள் வாங்க வந்தவர்களை அவர்கள் அறியாமலேயே மாதச் சந்தாவில் சேர்த்த இணையக்கடை ஒன்றும் இருந்தன. வெறும் தடையோடு விஷயம் முடிவதில்லை. தடையுத்தரவு பெற்றிருப்பதைத் தன் செலவில் விளம்பரப்படுத்துமாறும், ஒப்பந்தம் போடுமுன் வாடிக்கையாளரிடம் அதை எழுத்தில் தெரிவிக்குமாறும், கடை இடம் மாறினால் ஆணையத்துக்கு அறிவிக்குமாறும் வணிகருக்கு நீதிமன்றம் உத்தரவிடலாம். பெயரை மாற்றித் தப்பும் பழைய வழியை அடைக்க இவையே உதவுகின்றன என்பது என் கருத்து. விலையை முழுமையாகக் காட்டுவது பற்றிய ஆணையத்தின் வழிகாட்டிகள் 2020 நவம்பர் 1 முதல் நடப்பில் உள்ளன.

செங்காங் வாசகர்: வீட்டைப் புதுப்பிக்க முன்பணம் வாங்கிய குத்தகையாளர் பாதியில் நிறுத்திவிட்டார். ஆணையம் என் பணத்தை மீட்டுத் தருமா?

தராது, இதைத் தெரியாமல் மாதக்கணக்கில் காத்திருந்தவர்களைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். ஆணையம் தவறான வணிக நடைமுறையை நிறுத்துவதற்கு உள்ளது. உங்கள் பணத்துக்கு முதலில் சங்கத்தை நாடுங்கள், பலன் இல்லையேல் 1985 முதல் இயங்கும் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குச் செல்லுங்கள். அங்கு 20,000 வெள்ளி வரையிலும், இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் 30,000 வெள்ளி வரையிலும் கோரலாம். வழக்கறிஞர் வாதாட அனுமதியில்லை. இரண்டாண்டுக் கெடு உண்டு என்பதால் ஒப்பந்தம், ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவற்றை இன்றே எடுத்துவையுங்கள்.

ஜூரோங் வாசகி: வாங்கிய நான்காம் மாதத்தில் துணி துவைக்கும் இயந்திரம் பழுதானது. கடைக்காரர் கைவிரிக்கிறார்.

2012 செப்டம்பர் 1ஆம் தேதி நடப்புக்கு வந்த விதிகளின்படி, பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை தொடக்கத்திலிருந்தே இருந்ததாகக் கொள்ளப்படும். அப்படி இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரரின் பொறுப்பு. எனவே பழுதுபார்த்துத் தருமாறு அல்லது மாற்றித் தருமாறு அவரிடம் எழுத்தில் கேளுங்கள். நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டால் விலைக் குறைப்போ பணமோ கோரலாம்.