வேலூர் போன்ற ஊரில் ஒருவர் ஜியு-ஜிட்சு என்னும் மல்யுத்தம் போன்ற தற்காப்புக் கலையைக் கற்பித்துக்கொண்டே போட்டிகளிலும் நீடிக்க முடியுமா?

முடியும். ஆனால் கற்பிப்பதும் போட்டியிடுவதும் ஒரே வேலை என்று எண்ணி இறங்கினால் போட்டிதான் முதலில் கைவிட்டுப் போகும். சத்துவாச்சாரியில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தின் மாடியில் மாலை வகுப்பு எடுக்கும் பர்ப்பிள் பெல்ட்காரன் (பிளாக் பெல்ட்டுக்கு இரண்டு படி கீழே) என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

பிரேசிலிய ஜியு-ஜிட்சுவில் பெல்ட் மெதுவாகத்தான் உயரும். சர்வதேசக் கூட்டமைப்பான ஐபிஜேஜேஎஃப்பின் விதிப்படி, பொதுவாகப் புளூ பெல்ட்டில் 2 ஆண்டுகளும் பர்ப்பிளில் ஒன்றரை ஆண்டும் பிரவுனில் ஓராண்டும் குறைந்தபட்சம் இருந்தாக வேண்டும். நடைமுறையில் பிளாக் பெல்ட் பெறப் பத்தாண்டுகள் வரை ஆகிவிடுவதால், சிறிய ஊர்களில் பர்ப்பிள் பெல்ட் வாங்கியவரே வகுப்பைத் தொடங்கிவிடுகிறார். அதில் தவறில்லை, ஆனால் அந்த அறையில் அவரே மூத்தவராகிவிடுவதால், ரோலிங் எனப்படும் பயிற்சிச் சண்டையில் அவரைத் திணறடிக்க ஆள் இருப்பதில்லை. கீழே இருந்தபடி கால்களால் எதிராளியைத் தடுக்கும் தம் கார்டு நிலையை மாணவன் கடந்து வர இடம் கொடுத்து, அவன் கை எங்கே பிசகியது என்று காட்டுவது ஆசிரியரின் கடமை. போட்டியிலோ கார்டைக் கடந்தால் 3 புள்ளி, எதிராளியின் மேல் ஏறி அமரும் மவுண்ட் நிலையைப் பிடித்தால் 4 புள்ளி என்பதால் அந்த இடத்தைக் கொடுக்கவே கூடாது. வாரம் முழுவதும் விட்டுக்கொடுத்துப் பழகிய உடம்பு, போட்டி விரிப்பில் ஏறியவுடன் மாறிவிடுவதில்லை.

இதற்கு நமக்கு வாய்த்த வசதி காட்பாடி சந்திப்பு. அது சென்னை–பெங்களூரு ரயில் பாதையில் இருப்பதால், வகுப்பில்லாத நாளில் ஏதேனும் ஒரு பக்கம் போய், மூத்த பெல்ட்காரர்களிடம் அடிபட்டு, தோல்வியை ஒப்புக்கொண்டு தட்டி டேப் செய்துவிட்டு இரவே வீடு திரும்பலாம்.

வருமானம் பதக்கத்தால் வருவதில்லை. கட்டணம் கட்டுபவர்களில் பெரும்பாலோர் கல்லூரி மாணவர்களும் சிறுவர்களும்தான். செமஸ்டர் விடுமுறை விட்டால் வகுப்பு பாதி காலியாகிவிடும், மாடி வாடகை மட்டும் குறையாது. காமன்வெல்த் எடைதூக்குதலில் 2014, 2018 ஆகிய இரு முறையும் தங்கம் வென்ற சதீஷ் சிவலிங்கத்தின் ஊர் இது என்பதால், பெற்றோர் பதக்கத்தையும் அரசு வேலையையும் பற்றிக் கேட்பது இயல்பு. ஜியு-ஜிட்சு 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இடம்பெற்றது, ஒலிம்பிக்கில் இன்னும் இல்லை என்பதைச் சேர்க்கையின்போதே சொல்லிவிடுங்கள்.

உங்களுக்கு இருபதுகளில் வயது என்றால், இப்போது இன்னொருவர் வகுப்பில் உதவியாளராக இருந்துகொண்டு போட்டியிடுங்கள். 30 வயதில், மூத்த வயதினருக்கான மாஸ்டர் பிரிவு தொடங்குகிறது. சொந்த வகுப்பு வைத்த பிறகும் அதில் உங்கள் வயதொத்தவர்களோடு மோதலாம்.