ஜூன் 25: நான்கு வரியில் எதை எழுதுவது?

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். தண்டையார்பேட்டையில் பிள்ளைகளுக்கு பாக்ஸிங் சொல்லிக்கொடுக்கும் இடம் ஒன்றில் சாயந்திரம் உதவிக்கு இருக்கிறேன். வாசலில் ஒரு கரும்பலகை. அன்றைய தேதியில் விளையாட்டில் நடந்ததை தினமும் நான்கு வரி எழுதிப்போடுவேன். ஜூன் 25 என்றால் யோசிக்கவே மாட்டேன். 1983, லார்ட்ஸ், கபில்தேவ் என்று நான்கு வரியும் அதற்கே போய்விடும். இந்த வருடம், அந்தக் காலத்தில் மேடையேறிய பெரியவர் ஒருவர் நின்று படித்தார். "பாக்ஸிங் கத்துக்குற எடத்துல ஜோ லூயிசு பேரு இல்லியேப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் எதைச் சொன்னார்? இப்படித் தேதி பார்த்துக் கோர்ப்பதில் அர்த்தம் இருக்கிறதா? நீங்களாக இருந்தால் அந்த நான்கு வரியில் எதை எழுதுவீர்கள்?

ஒரு வாசகன், தண்டையார்பேட்டை

அன்புள்ள தம்பி,

பெரியவர் சொன்னது சரி. அமெரிக்கக் கறுப்பினக் குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸ் ஜூன் 25 அன்று இரண்டு முறை மேடையேறியிருக்கிறார். இரண்டுமே நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில். நடுவே 13 வருடம்.

முதலாவது 1935. லூயிஸுக்கு வயது 21. எதிரில் இத்தாலியின் பிரிமோ கார்னேரா, முன்னாள் உலக சாம்பியன், லூயிஸை விட ஏறக்குறைய 30 கிலோ எடை கூடியவர். முசோலினியின் இத்தாலி எத்தியோப்பியா மீது படையெடுக்கத் தயாராகிக்கொண்டிருந்த நேரம் அது. அதனால் அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கு அது வெறும் குத்துச்சண்டையாகத் தெரியவில்லை. ஆறாவது ரவுண்டில் கார்னேரா மூன்று முறை விழுந்தார். நடுவர் நிறுத்திவிட்டார். அந்த அக்டோபரில் படையெடுப்பும் நடந்தது.

இரண்டாவது 1948. இப்போது லூயிஸுக்கு வயது 34, பதினோரு வருடமாக சாம்பியன். எதிரில் ஜெர்சி ஜோ வால்காட். ஆறு மாதம் முன்பு இதே வால்காட் அவரை இரண்டு முறை தரையில் வீழ்த்தியும் தீர்ப்பு லூயிஸ் பக்கம் போயிருந்தது. அன்றைக்கு ஜெயித்தது வால்காட்தான் என்று சொன்னவர்கள் நிறையப் பேர். மழையால் இரண்டு நாள் தள்ளிப்போய்த்தான் மறுசண்டை 25ஆம் தேதிக்கு வந்தது. மூன்றாவது ரவுண்டில் லூயிஸ் மறுபடி விழுந்தார். பிறகு பத்து ரவுண்டு வரை வால்காட் நழுவிக்கொண்டே இருக்க, கூட்டம் பொறுமையிழந்து கூச்சலிட்டது. பதினொன்றாவது ரவுண்டில் லூயிஸ் அவரை நாக்-அவுட் செய்தார். பட்டத்தை அவர் காப்பாற்றிய 25ஆவது முறை அது, கடைசி முறையும் அதுதான். ஹெவிவெயிட்டில் அந்த எண்ணிக்கையை இன்றுவரை யாரும் தொடவில்லை.

ராயபுரத்தில் எங்கள் தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ஜோ லூயிஸ் பெயரைப் பக்கத்துத் தெரு ஆள் பெயர்போலச் சொல்வார். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று வடசென்னைக் குத்துச்சண்டைப் பரம்பரைகளைப் பற்றிப் பேச்சு தொடங்கினால் அது எப்படியோ லூயிஸின் இடது கையில் போய் நிற்கும். உங்கள் பெரியவரும் அப்படி ஒரு திண்ணையில் உட்கார்ந்து கேட்டு வளர்ந்தவராகத்தான் இருப்பார். அந்தப் பேச்சு உங்கள் பலகைக்கு வராமல் போனதில் எனக்கும் வருத்தம் உண்டு.

தேதிக்கென்று தனி மகிமை எதுவும் இல்லை. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஜூன் கடைசி என்றால் நீண்ட பகல், நல்ல வெயில். ஐரோப்பாவின் பெரிய கால்பந்து லீகுகள் பெரும்பாலும் மே மாதத்தோடு முடிந்துவிடும், பெரிய போட்டிகள் பெரும்பாலும் ஜூனில்தான் வரும். லார்ட்ஸ் டெஸ்டும் விம்பிள்டனும் திறந்தவெளிக் குத்துச்சண்டையும் அதே வாரங்களில் குவியும். இப்படிப் பார்த்தால் ஜூன் 25 நிரம்பி வழிவது அதிசயம் இல்லை.

அப்படியும் எனக்கு மயிர்க்கூச்செறியும் ஒரு கோர்வை உண்டு. 1974இல் மியூனிக் ஒலிம்பிக் ஸ்டேடியத்தில் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் நெதர்லாந்து தோற்றது. 1978 ஜூன் 25, புவனோஸ் ஐரிஸ், மறுபடி இறுதியாட்டம். ஆட்டம் 1-1. தொண்ணூறாவது நிமிடம் நெதர்லாந்தின் ரென்சன்பிரிங்க் தட்டிய பந்து போஸ்ட்டில் பட்டுத் திரும்பியது. ஒரு சாண் உள்ளே போயிருந்தால் கோப்பை நெதர்லாந்துக்கு. கூடுதல் நேரத்தில் கெம்பெஸும் பெர்டோனியும் கோல் போட, அர்ஜென்டினா 3-1 என்று ஜெயித்தது. வியாசர்பாடி கிரவுண்டில் பந்து போஸ்ட்டில் பட்டு வரும்போதெல்லாம் எனக்கு ரென்சன்பிரிங்க் ஞாபகம்தான். சரியாகப் பத்து வருடம் கழித்து, 1988 ஜூன் 25, யூரோ கோப்பை இறுதியாட்டத்தில் நெதர்லாந்து. 1974இல் தோற்ற அதே மியூனிக் மைதானம், அதே பயிற்சியாளர் ரைனஸ் மிஷல்ஸ். குலித் தலையால் ஒரு கோல் போட்டார். இரண்டாவது வான் பாஸ்டன் போட்டது. கோணமே இல்லாத இடத்தில் நின்று, இறங்கிவந்த பந்தைத் தரை தொடவிடாமல் அடித்தார். சோவியத் கோல்கீப்பர் தசாயெவ் தலைக்கு மேல் பந்து போய்விட்டது.

1983ஐப் பற்றி நான் சொல்லி உங்களுக்குத் தெரியவேண்டியதில்லை. ஆனால் எல்லோரும் கபில்தேவ் பிடித்த ரிச்சர்ட்ஸ் கேட்சையே பேசுகிறோம். 183 ரன் மட்டுமே எடுத்த அந்த ஆட்டத்தில் இரண்டு அணிக்கும் சேர்த்து அதிக ரன் நம் சென்னை ஸ்ரீகாந்தின் 38. கடைசி விக்கெட்டுக்கு கிர்மானியும் சந்துவும் 22 ரன் சேர்த்தார்கள். வெஸ்ட் இண்டீஸின் மார்ஷல் வீசிய பந்து ஹெல்மெட்டில் பட்ட பிறகும் சந்து நின்று ஆடினார். வெற்றி 43 ரன்னில் என்னும்போது அந்த 22 சின்னது இல்லை.

அதே லார்ட்ஸில் 1932 ஜூன் 25 அன்றுதான் இந்தியா தன் முதல் டெஸ்ட்டைத் தொடங்கியது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சி.கே. நாயுடு கேப்டன். முகமது நிசார் சட்கிளிஃபையும் ஹோம்ஸையும் போல்டாக்க, வூலி ரன்-அவுட் ஆக, இங்கிலாந்து 19 ரன்னுக்கு 3 விக்கெட். டெஸ்ட்டில் தோற்றோம். அந்தக் காலைப்பொழுது நம்முடையது.

நானாக இருந்தால் பலகையில் இப்படி எழுதுவேன்:

1932, லார்ட்ஸ்: இந்தியாவின் முதல் டெஸ்ட். இங்கிலாந்து 19/3.
1935, 1948, நியூயார்க்: ஜோ லூயிஸ். கார்னேராவை 6ஆவது ரவுண்டில், வால்காட்டை 11ஆவதில்.
1978, 1988: போஸ்ட்டில் பட்ட பந்து, பத்து வருடம் கழித்து வான் பாஸ்டன்.
1983, லார்ட்ஸ்: ஸ்ரீகாந்த் 38, சந்து 11.

இடம் போதவில்லை என்றால் கடைசி வரியை எடுத்துவிடுங்கள். அது அவர்களுக்கு வீட்டிலேயே கிடைத்துவிடும். இரண்டாவது வரியில் கைவைக்காதீர்கள்.

பெரியவரை மறுபடி பார்த்தால் ஒன்று கேளுங்கள். 1980இல் முகமது அலி நம் ஊர் நேரு ஸ்டேடியத்துக்கு வந்து மேடையேறினாரே, அன்றைக்கு இவர் போயிருந்தாரா என்று. போயிருந்தால் அவர் சொல்வதை ஒன்றும் விடாமல் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்