உலுரு மேல் ஏற பெர்மிட் சார்ஜா?

கேள்வி: தி.நகரில் ஒரு டிராவல்ஸில் ஆஸ்திரேலியா டூர் புக் செய்து, ஆளுக்கு 40,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டிவிட்டோம். பாலைவனத்தில் இருக்கும் உலுரு பாறையில் ஏறலாம் என்று நோட்டீஸில் படத்தோடு போட்டிருந்தார்கள். இப்போது ‘ஏற பெர்மிட் சார்ஜ்’ என்று தலைக்கு 6,000 கூடுதலாகக் கேட்கிறார்கள். எழுபதைத் தொடும் அப்பா, அம்மாவும் வருகிறார்கள். கட்டலாமா?
– வாசகி, மடிப்பாக்கம்

பதில்: ஒரு பைசா கூடக் கட்டாதீர்கள். அப்படி ஒரு பெர்மிட்டே கிடையாது. உலுரு, அனங்கு பழங்குடி மக்களுக்குப் புனிதத் தலம். 2019 அக்டோபர் 26 முதல் அதில் யாருமே ஏறக்கூடாது. பிடித்து ஏறுவதற்கு இருந்த சங்கிலியையும் கழற்றிவிட்டார்கள். நோட்டீஸில் சங்கிலியைப் பிடித்தபடி ஆட்கள் ஏறுகிறார்களா, பாருங்கள். அப்படியென்றால் அது பழைய படம்.

அங்கே உண்மையில் கட்ட வேண்டியது பார்க் நுழைவுக் கட்டணம்தான். பெரியவர்களுக்கு 3 நாளைக்கு 38 ஆஸ்திரேலிய டாலர்; 18 வயதுக்குக் கீழே இலவசம். இது பேக்கேஜில் சேர்த்தியா என்று கேளுங்கள். பாறையைச் சுற்றி நடக்கலாம், நம்ம திருவண்ணாமலை கிரிவலம் மாதிரி. மொத்தம் சுமார் 10 கி.மீ. அப்பா, அம்மாவுக்கு அதில் ‘மாலா’ என்ற சின்ன நடையே போதும். ரேஞ்சர் கூட்டிப்போய் விளக்குவார், அதற்குக் காசு கிடையாது. அதையும் ‘கைடு சார்ஜ்’ என்று பில்லில் ஏற்றிவிடப் போகிறார்கள்! சில இடங்களில் படம் எடுக்கக்கூடாது என்று போர்டு இருக்கும். அங்கே போனை உள்ளே வைத்துவிடுங்கள்.

எந்த ஊரில் தங்க வைக்கிறார்கள் என்பதைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்று இருந்தால், அங்கிருந்து உலுரு சுமார் 450 கி.மீ. ஒரே நாளில் போய்வந்தால் அப்பா, அம்மா பஸ்ஸில் உட்கார்ந்தே களைத்துவிடுவார்கள். பாறைக்குப் பக்கத்திலேயே இருக்கும் யுலாராவில் ரூம் கேளுங்கள். டிசம்பர், ஜனவரி வேண்டவே வேண்டாம். வெயில் 40 டிகிரியைத் தாண்டும், நடைபாதைகளை மூடிவிடுவார்கள்.

அப்புறம், டிராவல்ஸுடன் போனில் சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை. ‘ஏறலாம் என்று விளம்பரம் செய்தீர்கள், அது நடக்காது, அட்வான்ஸைத் திருப்பிக் கொடுங்கள், அல்லது திட்டத்தை மாற்றி எழுதிக் கொடுங்கள்’ என்று மெயில் அனுப்புங்கள். நோட்டீஸ், ரசீது, 6,000 கேட்ட மெசேஜ் எல்லாம் பத்திரம். மசியவில்லையா? 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். அதிலும் தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை.