கோவையிலிருந்து பாலக்காடு போய், ஒரு கடையில் 'ஸ்பெஷல் தள்ளுபடி'யில் எம்3 சிப் உள்ள ஆப்பிள் மேக்புக் ஏர் லேப்டாப் வாங்கிய வாரத்தில் எம்4 வந்துவிட்டது, பெட்டியின் உறையை இன்னும் பிரிக்கவில்லை, மாற்ற முடியுமா?

உறை பிரிக்கவில்லை என்கிறீர்கள், அப்படியானால் நாளைக்கே பில்லோடு வாளையார் தாண்டி அந்தப் பாலக்காட்டுக் கடைக்குப் போய், பணத்தைத் திருப்பிக் கேட்காமல், விலை வித்தியாசம் பார்த்து எம்4 கொடுங்கள் என்று கேளுங்கள். கடைக்காரருக்கும் அதுதான் எளிது.

எம்3 ஏர் 2024 மார்ச்சில் 1,14,900 ரூபாய்க்கு அறிமுகமானது, 2025 மார்ச்சில் எம்4 வந்ததோ 99,900க்கு. உங்களுக்குக் கிடைத்த 'ஸ்பெஷல் தள்ளுபடி' பழைய சரக்கைத் தள்ளுவதற்காகத்தான் இருக்கும்.

போகுமுன் பெட்டியில் உள்ள சீரியல் எண்ணை ஆப்பிளின் வாரண்டி பக்கத்தில் போட்டுப் பாருங்கள். இன்னும் ஆக்டிவேட் ஆகவில்லை என்று வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பேச வசதி.

ஆனால் புது மாடல் வந்தது என்பதற்காக மாற்றித் தரக் கடைக்குக் கட்டாயம் எதுவும் இல்லை, தன்மையாகவே பேசுங்கள். அப்புறம், கோவை ஜிஎஸ்டி எண்ணில் வரிக் கழிவு (பில்லில் கட்டிய ஜிஎஸ்டியை உங்கள் தொழிலின் ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்வது) எடுக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள், கேரள எஸ்ஜிஎஸ்டி (மாநில ஜிஎஸ்டி) போட்ட பில்லுக்கு அது கிடைக்காது.